ஹார்லிக்ஸ் பாட்டிலில் உளுத்தம்பருப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் மன அழுத்தம் தராத வீடு எப்படி இருக்க வேண்டும் என்று இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். வெள்ளை சோபா, கண்ணாடி மேசை, மூலையில் ஒரே ஒரு செடி. எங்கள் வீட்டில் அதை முதலில் பார்த்தது மருமகள். "மாமா, இந்த வீட்ல யாரும் சமைக்கிறதே இல்ல போல" என்று சொல்லிப் பேப்பரை என்னிடம் நீட்டினாள். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினேன். வாசலில் செருப்பு இல்லை, குடை இல்லை, தண்ணீர்க் குடம் இல்லை. சுவரில் தினசரி காலண்டர்கூட இல்லை. "அப்ப பால் கணக்கை எதுல எழுதுவாங்களாம்?" என்று அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள்.

கட்டுரையாளர் சொன்ன யோசனைகளில் தப்பு கண்டுபிடிக்க வரவில்லை. தேவையில்லாததை அப்புறப்படுத்துங்கள், வெளிச்சம் வரட்டும், காற்று வரட்டும் என்றெல்லாம் நல்லதாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் இதையெல்லாம் எந்த வீட்டில் யார் செய்வது, செய்த பிறகு எது எங்கே இருக்கிறது என்பதை யார் தலையில் சுமப்பது என்ற விஷயத்துக்கு அவர் வரவே இல்லை. அதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் 1981இலிருந்து 2018 வரை 37 வருடம் ரயில் தபால் சேவையில் (ஆர்.எம்.எஸ்.), திருச்சி 'டி' டிவிஷனில் சார்ட்டிங் அசிஸ்டன்டாக, அதாவது கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிறவனாக, வேலை பார்த்தவன். ஆர்.எம்.எஸ். சார்ட்டர் என்றால் பழைய ஆட்களுக்குப் புரியும். மீட்டர்கேஜ் காலத்தில் ராத்திரி வண்டியின் தபால் பெட்டியில் நின்றுகொண்டே, ஆட்டத்தோடு ஆட்டமாகக் கடிதம் பிரித்திருக்கிறேன். எதிரே புறாக்கூண்டு மாதிரி அறை அறையாகப் பலகை. ஒவ்வோர் அறைக்கும் ஓர் ஊர். காலுக்குக் கீழே கான்வாஸ் பைகள், சணல் கயிறு, அரக்கு. கையை நீட்டினால் எதிர்ச்சுவர் தட்டும், அவ்வளவுதான் இடம். அதற்குள் ஆயிரக்கணக்கான கடிதங்கள் வந்து, பிரிந்து, கட்டாகி, பையாகி, விடிவதற்குள் அந்தந்த ஸ்டேஷனில் இறங்கிவிடும். ஒரு கட்டு தவறான பைக்குள் போய்விட்டால் 'மிஸ்சென்ட்' என்று எழுதி மெமோ வரும். இடம் சின்னதாக இருப்பதால் பொருள் தொலைந்துபோகிறது என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை.

இப்படிப்பட்ட நான் என் சொந்த வீட்டில் 34 வருடமாக எந்த லட்சணத்தில் இருந்தேன் என்பது போன ஆடி மாதம்தான் எனக்கே தெரிந்தது.

என் மனைவிக்குப் பித்தப்பையில் கல். ராத்திரி வலி தாங்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பரிசோதனை, அறுவை சிகிச்சை, அப்புறம் இரண்டு நாள் கண்காணிப்பு என்று மொத்தம் 6 நாள் அவள் வீட்டில் இல்லை. ஆஸ்பத்திரியில் மகன் துணைக்கு இருந்தான். வீட்டில் நான், 86 வயதான என் அம்மா, வேலைக்குப் போகும் மருமகள், 9 வயதுப் பேரன்.

முதல் நாள் காலை 5 மணி. அம்மாவுக்குக் காப்பி போடலாம் என்று அடுப்படிக்குப் போனேன். ஃபில்டரின் அடிப்பாகம் கிடைத்தது, மேல்பாகம் கிடைத்தது, மூடி இல்லை. காப்பிப்பொடி எங்கே? ப்ரூ என்று எழுதிய பாட்டிலைத் திறந்தால் வெந்தயம். ஹார்லிக்ஸ் பாட்டிலில் உளுத்தம்பருப்பு. போர்ன்விட்டா டப்பாவில் கல்லுப்பு. 'சர்க்கரை' என்று அச்சடித்தே வந்த எவர்சில்வர் டப்பாவில், அது எங்கள் கல்யாணத்துக்கு அவள் வீட்டார் கொடுத்த சீர், ரவை. காப்பிப்பொடி கடைசியில் தீபாவளி முறுக்கு வந்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தது. மேலே ஒரு முகவரி, உள்ளே வேறு ஆள். ஆர்.எம்.எஸ். காரனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அன்றைக்கு மத்தியானம் குழம்பில் நான் போட்டது சாம்பார்பொடி இல்லை, ரசப்பொடி என்று அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்.

அதாவது பரவாயில்லை. இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டை கேட்டார்கள். மகன் கம்பெனி மூலமாக எங்கள் இருவருக்கும் எடுத்தது. பீரோவை முழுவதும் கொட்டிக் கவிழ்த்தும் எனக்குக் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் மகன் போனில் அவளிடமே கேட்டேன். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறக்காமலே சொன்னாளாம்: "ரெண்டாவது தட்டுல பட்டுப்புடவைக்கு அடியில மஞ்சப்பை இருக்கும். அதுக்குள்ள உங்க தங்கச்சி மகன் கல்யாணப் பத்திரிகை. அந்தக் கவருக்குள்ள பாருங்க." பார்த்தேன். இருந்தது. அதோடு அம்மாவின் பழைய பாஸ்புக்கும், வீட்டு வரி ரசீதும், நான் மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருந்த என் பென்ஷன் உத்தரவின் நகலும் இருந்தன. அந்த நகலைக் காணோம் என்று மூன்று வருடமாக அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ் சான்று கொடுக்கும்போது ஒரு சண்டை. ஒரு தடவைகூட 'எங்கே வைத்தாய்' என்று நான் கேட்கவில்லை, 'எங்கே தொலைத்தாய்' என்றுதான் கேட்டிருக்கிறேன்.

அன்று ஒரே நாளில் 11 தடவை அந்தப் போனுக்கு அடித்திருக்கிறேன். கேஸ் புத்தகம் எங்கே, பேரனின் சாக்ஸ் எங்கே, அம்மாவின் கண் சொட்டு மருந்து எங்கே, இன்வெர்ட்டர் சுவிட்ச் எங்கே. பன்னிரண்டாவது தடவை நர்ஸ் எடுத்தார். "ஐயா, அவங்க தூங்கட்டும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

ஐந்து பேருக்கும் வர வேண்டியதெல்லாம் வந்துகொண்டிருந்தது. ஆனால் பிரிக்கிற ஆபீஸ் ஒரே ஒருத்தியின் தலைக்குள் நடந்துகொண்டிருந்தது. லீவு கிடையாது, மாற்று ஆள் கிடையாது. எங்கள் வேலையில் ஒரு சார்ட்டர் லீவு போட்டால் அடுத்தவர் வந்து அதே பலகையின் முன்னால் நிற்பார். எந்த அறை எந்த ஊர் என்று எழுதியிருக்கும். வேலை நிற்காது.

கோவையில் இருக்கும் என் மகளிடம் இதைச் சொன்னபோது அவள் ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெபெட்டி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2010இல் வெளியிட்டது. இருவருமே வேலைக்குப் போகும் தம்பதிகளாகப் பார்த்து, மொத்தம் 60 பேரிடம் ஆளுக்கொரு வீடியோ கேமராவைக் கொடுத்து, 'உங்கள் வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டே பேசுங்கள்' என்றார்களாம். கார்ட்டிசால் என்று மன அழுத்தத்தோடு தொடர்புள்ள ஹார்மோன் ஒன்று உடம்பில் சுரக்கிறது. காலையில் ஏறி, பொழுது சாயச் சாய இறங்குவதுதான் நல்ல உடம்புக்கு அடையாளம். எச்சிலை எடுத்து அதை அளந்திருக்கிறார்கள். 'அங்கே ஒரே குப்பை, இங்கே வேலை பாதியில் நிற்கிறது' என்று சொல்லிக்கொண்டே வீட்டைக் காட்டிய பெண்களுக்குச் சாயங்காலம் ஆகியும் அது சரியாக இறங்கவில்லை. அதே வீட்டுப் புருஷன்மாருக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லையாம். "அப்பா, அவங்க கண்ணுக்குக் குப்பையே தெரியலையோ என்னவோ" என்றாள் மகள். எனக்குச் சொன்ன மாதிரி இருந்தது. எனக்குத்தான் சொன்னாள்.

சரி, தப்பைத் திருத்திக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். அங்கேதான் அடுத்த தப்பு நடந்தது. அவள் திரும்பி வருவதற்குள் அடுப்படியை ஒழுங்கு செய்துவிட்டால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்து, ஸ்டேஷனரிக் கடையில் வெள்ளை ஸ்டிக்கர் வாங்கினேன். பேரனும் நானும் உட்கார்ந்து எல்லா டப்பாவையும் கழுவித் துடைத்து, என் குண்டு எழுத்தில் பெயர் எழுதி ஒட்டி, அகர வரிசையில் அடுக்கினோம். அரிசிமாவு, உப்பு, உளுந்து, எள், கடலைப்பருப்பு, கடுகு என்று போகும். போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன்.

டிஸ்சார்ஜ் ஆகி வந்தவள் வாசலில் ஆரத்தி முடிந்ததும் நேரே அங்கேதான் போனாள். ஒரு நிமிஷம் பார்த்தாள். "பெருங்காயம் எங்கங்க?"

"பானா வரிசை. மேல் தட்டு, வலது பக்கம்."

"கடுகு?"

"கானா. கீழ்த் தட்டு."

"எண்ணெய் காயும்போது நான் மேலயும் கீழயும் நடந்துக்கிட்டு இருக்கணுமா? தாளிக்கிறது நாலும் ஒரே கைக்கு வரணுங்க. என் அடுப்படியத் தபாலாபீஸா ஆக்காதீங்க."

கோபம் வந்தது. ராத்திரி யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் அசல் தபாலாபீஸ் வழக்கம். சார்ட்டிங் பலகையில் நாங்கள் எப்போது அகர வரிசை பார்த்தோம்? கடிதம் அதிகம் விழும் ஊர் கைக்கு நேரே இருக்கும். மாதத்துக்கு நாலு கடிதம் வரும் ஊர் மேல் மூலையில் கிடக்கும். ஒரே வண்டியில் போக வேண்டியவை பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அரியலூரும் அருப்புக்கோட்டையும் 'அ'னாவில் தொடங்குகின்றன என்பதற்காக ஒரே பையில் போட முடியுமா? இதைவிட வெட்கமான விஷயம், அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அடுப்புக்கு வலது பக்கம் வைத்திருக்கும் அஞ்சறைப்பெட்டி. கடுகு, உளுந்து, சீரகம், மிளகு, வெந்தயம், நடுவில் மஞ்சள். அதைவிட நல்ல சார்ட்டிங் கேஸ் ஒன்றை அரசாங்கம் எனக்கு 37 வருடத்தில் கொடுத்ததில்லை. நான் ஸ்டிக்கர் ஒட்டுவதற்காக அதைத்தான் காலி செய்திருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. என் அம்மாவுக்கு இடது கண் போய்விட்டது, வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான். ஹாலில் ஜன்னலோரம் கட்டில். கட்டிலுக்கு அடியில் தலைமாட்டில் ஒரு பித்தளைச் சொம்பு, கால்மாட்டில் வெற்றிலைப் பெட்டி, கம்பியில் ஒரு துண்டு. பார்க்க அழகாக இருக்காது. ஒழுங்கு செய்த வேகத்தில் அவற்றை எடுத்துச் சுவரில் இருந்த செல்ஃபில் வரிசையாக வைத்தேன். அன்று ராத்திரி 2 மணிக்குச் சத்தம் கேட்டு எழுந்து வந்தால் அம்மா தரையில் உட்கார்ந்து கையால் கட்டிலுக்கு அடியில் துழாவிக்கொண்டிருக்கிறார். விழவில்லை, தானாகத்தான் உட்கார்ந்திருக்கிறார். "சொம்பு போயிடுச்சுடா" என்றார். எத்தனை நேரமாகத் தேடினார் என்று கேட்க எனக்கு தைரியம் வரவில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அவர் குடிக்கும்போது கை நடுங்கியது.

வீடு மாறிப் போகிறவர் தபாலாபீஸில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால், பழைய முகவரிக்கு வரும் கடிதத்தைப் புது முகவரிக்குத் திருப்பி அனுப்புவோம். அம்மாவின் கைக்கு நான் அப்படி எதுவும் எழுதிக் கொடுக்காமலே வீட்டை மாற்றிவிட்டேன். மறுநாள் எல்லாம் பழைய இடத்துக்கே போயிற்று. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் 'கட்டிலுக்கு அடியில் எதையும் வைக்காதீர்கள்' என்று யாராவது எழுதினால் எனக்கு இப்போது எரிச்சல் வருகிறது. நான் செய்த ஒரே மாறுதல், கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை தரையோடு ஒட்டினாற்போல இரண்டு சின்ன விளக்கும், பாத்ரூம் சுவரில் ஒரு எவர்சில்வர் கைப்பிடியும்.

அதற்குப் பிறகு நடந்த வேலைக்கு நான் தலைவன் இல்லை, கூலியாள். மனைவி நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல, நானும் மகனும் எடுத்து வைக்க, பேரன் எழுத. ஒரு 80 பக்க நோட்டில் 'எங்கே நோட்டு' என்று அட்டையில் எழுதினான். பின்கோடு போல ஒவ்வொரு பொருளுக்கும் 6 இலக்க எண் கொடுக்கலாம் என்று பேரனுக்கு ஆசை. அது நான் ஊட்டிய ஆசைதான். 1972 ஆகஸ்ட் 15இல் வந்த பின்கோட்டில் முதல் எண் மண்டலம், தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் 6. முதல் மூன்றும் சேர்ந்தால் பிரிக்கும் மாவட்டம். கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் ஆபீஸ் என்று அவனுக்குக் கதை கதையாகச் சொல்லியிருந்தேன். பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. "ராத்திரி வயிறு வலிச்சா நான் நம்பரா தேடுவேன்?" என்றாள். எனவே சாதாரணத் தமிழில்: 'ஓமம் – அடுப்படி – நடுத்தட்டு – இடது ஓரம் – சின்ன ஹார்லிக்ஸ் பாட்டில்.' ஆமாம், ஹார்லிக்ஸ் பாட்டில் அப்படியே இருக்கிறது. அதை மாற்றக் கூடாது என்று உத்தரவு. அதன் வாய் அகலம், ஸ்பூன் தாராளமாக உள்ளே போகும், மூடி இறுகும். கம்பெனிச் சீட்டை மட்டும் ஊறவைத்துப் பிய்த்துவிட்டு, மூடிமேல் பெயர் எழுதினோம்.

நோட்டு எழுதி முடிக்க 9 நாள் ஆயிற்று. 118 வரி. அத்தனையும் இத்தனை வருடமாக அவள் தலைக்குள் இருந்தவை. எழுதி முடித்த அன்று அவள் "தல லேசா இருக்கு" என்றாள். மருந்தின் வேலையாகவும் இருக்கலாம்.

இன்னொரு காரியம் வாசலுக்குப் பக்கத்தில். எங்கள் வீட்டில் காலை 8 முதல் 8.40 வரைதான் உச்சகட்டம். வண்டிச் சாவி, ஹெல்மெட், மருமகளின் ஆபீஸ் அடையாள அட்டை, பேரனின் தண்ணீர் பாட்டில். எல்லாம் ஒரே நேரத்தில் காணாமல் போகும், எல்லோரும் ஒரே ஆளைக் கூப்பிடுவார்கள். ஆணி அடித்து ஒரு பலகை மாட்டினோம், ஆளுக்கு இரண்டு கொக்கி. கீழே ஒரு மரப்பெட்டி. வீட்டுக்குள் வரும் காகிதம் எதுவானாலும், கரண்ட் கணக்கு, பள்ளிக்கூட நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, அதில்தான் விழ வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் நான் அதைப் பிரிப்பேன். இது மட்டும் என் தொழில், இதில் அவள் தலையிடுவதில்லை. முக்கியமான பத்திரங்களெல்லாம் மஞ்சப்பையிலிருந்து வெளியே வந்து ஒரே ரெக்சின் பைக்குப் போயின. அந்தப் பை எங்கே என்று வீட்டில் மூன்று பேருக்குத் தெரியும்.

பெயரும் தெரியாத, ஊரும் தெரியாத கடிதங்களுக்கு அஞ்சல் துறையில் ஓர் ஆபீஸ் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் டெட் லெட்டர் ஆபீஸ், பிறகு ரிட்டர்ன்டு லெட்டர் ஆபீஸ். எங்கள் வீட்டில் டி.வி. மேசை டிராயர்தான் அது. எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத 14 சாவி, செத்த பேட்டரி, நோக்கியா சார்ஜர், ஒற்றைக் கம்மல், மெர்க்குரி தெர்மாமீட்டர். ஒரே நாளில் காலி செய்ய வேண்டும் என்று முதலில் நினைத்தேன். இப்போது தோன்றுவது, அப்படி ஒரு டிராயர் வீட்டுக்கு வேண்டும். ஒன்றே ஒன்று, நிரம்பினால் கொட்டுவது. கம்மலின் ஜோடி ஆடியிலேயே கிடைத்துவிட்டது, பீரோவை நகர்த்தியபோது.

பீரோ கதை தனி. 2009இல் இந்த வீட்டுக்கு வந்தபோது வாஸ்து பார்த்தவர் ஒருவர், பீரோ தென்மேற்கில் கன்னி மூலையில் நின்று வடக்கே குபேரனைப் பார்க்க வேண்டும் என்றார். அப்படியே வைத்தோம். படுக்கையறைத் தெற்கு ஜன்னலில் பாதி அதன் முதுகுக்குப் பின்னால் போயிற்று. மீதிப் பாதியைத் திறக்கக் கை போகாது, எனவே அதுவும் மூடியே கிடந்தது. 15 வருடத்துக்கு மேல் தென்றலை இரும்பால் அடைத்துவிட்டு ஃபேனை வேகமாக வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறோம். திருச்சி வெயில் உங்களுக்குத் தெரியும். ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோதுதான் அவள் வாய் திறந்தாள்: "நாள் பூரா பீரோவையே பாத்துக்கிட்டுக் கிடக்கேன்." மகள் உடனே இன்னொரு ஆராய்ச்சியை அனுப்பினாள். ரோஜர் உல்ரிச் என்பவர் 1984இல் எழுதியது. பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் இதே பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேரின் பழைய கேஸ் குறிப்புகளை எடுத்துப் பார்த்திருக்கிறார். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரம் தெரியும், பாதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீட்டுக்குப் போனார்கள், சுவர் பார்த்தவர்கள் 8.70 நாளில். வலி மாத்திரையிலும் கடுமையானவை மரத்துக்காரர்களுக்குக் குறைவாகத் தேவைப்பட்டன. முக்கால் நாள் வித்தியாசம் என்பது பெரிதா சிறிதா என்று மகனுக்கும் மகளுக்கும் போனில் வாக்குவாதம். எனக்கு அந்தக் கணக்கு வேண்டியிருக்கவில்லை. அவள் பீரோவைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன் என்று சொன்னதே போதும்.

அம்மாதான் தடை. கன்னி மூலையை விட்டு நகர்த்தினால் லட்சுமி போய்விடுவாள் என்றார். அதே மூலையில் மேற்குச் சுவரோடு சாய்த்து, கிழக்கே பார்க்கத் திருப்பினோம். கிழக்கு ஆகாது என்று யாரும் சொன்னதில்லையே என்றதும் அம்மா இறங்கி வந்தார். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு முருங்கை. அதில் இரண்டு அணில். அவள் முதல் நாள் அந்த அணிலைப் பார்த்துக்கொண்டே மாத்திரை சாப்பிட மறந்துவிட்டாள், திட்டினேன்.

சாவி, அலமாரி, ஜன்னல் மூன்றுமே போர்ச்சுகீசியர் கொண்டுவந்த சொற்கள் என்று படித்திருக்கிறேன். அதற்கு முன்னால் நம் ஆட்கள் உறியில் தொங்கவிட்டார்கள், கொடியில் போட்டார்கள், மாடத்தில் வைத்தார்கள். நிமிர்ந்தால் கண்ணில் படும். கதவு போட்டு மூடிய அலமாரி பெருத்த பிறகுதான் 'எங்கே' என்ற கேள்வியும் பெருத்தது என்பது என் சந்தேகம். ஆதாரம் கேட்காதீர்கள்.

பரணைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அது எல்லோர் வீட்டிலும் ஒன்றுதான். மூன்று செத்த மிக்ஸி, 'வாரன்டிக்கு வேணும்' என்று வைத்த டி.வி. அட்டைப்பெட்டி, தெர்மகோல், தொட்டில் கம்பு. பழைய இரும்புக்காரர் இரண்டு நடை வந்தார். சீர்ப் பாத்திரங்களில் கை வைக்க நான் துணியவில்லை. அவளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, அவள் அம்மா பெயர் வெட்டிய நாலு குடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மகளுக்கும் மருமகளுக்கும் கொடுத்தாள். கொலு பொம்மைகள் இருக்கும் பெட்டியை யாரும் தொடவில்லை. ஒவ்வொரு பொம்மையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, எந்தப் படிக்கு எது என்று கட்டின் மேலேயே நூல் நிறத்தால் அடையாளம். சிவப்பு நூல் மேல்படி. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, அன்றைக்குத்தான் கவனித்தேன்.

சமையல் மேடையின் உயரத்தையும் அன்றைக்குத்தான் அளந்தேன். 34 அங்குலம். அவள் உயரம் 4 அடி 10 அங்குலம். மேஸ்திரி எல்லா வீட்டுக்கும் போடும் அளவு அது, அவர் ஒரு நாளும் அதில் மாவு பிசைந்திருக்க மாட்டார். தோள்வலிக்கு அவள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த வருடங்களை நான் எண்ணவில்லை. இப்போது மேடைக்கு முன்னால் தரையோடு பதித்து நீளவாக்கில் 4 அங்குல உயரத்துக்கு அகலமான மரப்படி போட்டிருக்கிறோம். காய் நறுக்க ஒரு முக்காலியும் மடக்குப் பலகையும். மருமகள் 7 மணிக்கு வந்ததும் பின்கட்டுத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அங்கே அவள் உட்கார்ந்திருக்கும் 15 நிமிஷம் யாரும் 'எங்கே' கேட்கக் கூடாது. இது என் மனைவி போட்ட சட்டம். தனக்கு அப்படி ஒரு நாற்காலி 34 வருடத்தில் யாரும் போடவில்லை என்பதை அவள் சொல்லவில்லை.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த தடவை வீட்டுப் பக்கம் போடும்போது உங்கள் போட்டோகிராபரை ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு அனுப்புங்கள். ஹாலில் ஒரு கிழவியின் கட்டில் இருக்கட்டும், கொடியில் துணி இருக்கட்டும். உறையூர் பக்கம் வந்தால் எங்கள் வீட்டுக்கே வரலாம், காப்பி கிடைக்கும், மூடியோடு. அந்த வீட்டில் அதிகம் தேடப்படுகிற ஆள் யார் என்று கேட்டு, அவரிடம் பேட்டி எடுங்கள். வீட்டுக்காரரிடம் வேண்டாம்.

போன வாரம் எங்கள் வீட்டில் எத்தனை தடவை 'எங்கே' வந்தது என்று பேரன் காலண்டரில் கோடு போட்டான். 7 நாளில் 23. அதில் 15 என்னுடையது. அந்த 15இல் 9 மூக்குக்கண்ணாடி.

இந்தக் கடிதம் 6 தாள் ஆகிவிட்டது. 20 கிராமைத் தாண்டும், 10 ரூபாய்க்கு ஒட்ட வேண்டும். தபால்தலை எங்கே என்பது நோட்டில் 64ஆவது வரி: 'அம்மன் படத்துக்குக் கீழே, டைரிக்குள்.' எடுத்து ஒட்டிவிட்டேன். அவள் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ். ஊழியர்,
உறையூர், திருச்சிராப்பள்ளி – 620003.

(பெயர் போட வேண்டாம் என்று மனைவி சொல்கிறாள். பின்கோட்டை மட்டும் விட்டுவிடாமல் போடவும்.)